மூன்றில் எது

என் லேப்டாப்புக்குள் ஒரு கொசு.
மவுஸை நகர்த்தினால் பறக்கும், விட்டால் உட்காரும்.
கிளாரினெட்டைப் பதிவு செய்து கேட்டால்
நான் ஊதியதைவிட
அது ஊதியதுதான் அதிகம்.

அதனால் நவம்பரில், வூச் நகரத்தில்,
பனிக்கால டயருக்கென்று வைத்திருந்த
நானூற்றைம்பது ஸ்வாட்டியோடு டிராம் ஏறினேன்.
கையில் பட்டியல்:
மைக் எத்தனை செருகலாம்,
நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தான் உண்டா,
ஊதிய சுரம் காதுக்குத் திரும்ப எத்தனை மில்லி நொடி.
ஆறு என்றால் வாங்கலாம்.
இருபது என்றால்
பந்தி முடிந்தபின் வந்து நிற்கும் விருந்தாளி,
என் சுரமே எனக்கு.

நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்த விட்டோல்ட்
வலது பக்கத்தை முன்னால் நீட்டி "என்ன?" என்றார்.
நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சமையல் மேசையில் மூன்று சவுண்ட் கார்டுகள்.
சிவப்புத் தகரத்தில் ஒன்று, குமிழ்கள் தேய்ந்து.
கருப்பில் ஒன்று, சோப்புப் பெட்டி அளவு.
மூன்றாவது அட்டைப் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை,
தெர்மோகோல் மணிகள் அப்பிக்கொண்டு.
"மூன்றும் கெட்டது" என்றார் விற்பவரே.
இப்படியும் ஒரு வியாபாரி.

"சிவப்பில் இடது பக்கம் இரைச்சல்.
சரியென்று கருப்பு வாங்கினேன், அதிலும் அதே.
கேபிள் மாற்றினேன்.
எலெக்ட்ரீஷியன் வந்து சுவரையெல்லாம் சோதித்து
எண்பது ஸ்வாட்டி வாங்கிக்கொண்டு
வீட்டில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தான்.
ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன்.
பால் திரிந்தது, இரைச்சல் போகவில்லை.
ஜெர்மனியிலிருந்து மூன்றாவதை வரவழைத்தேன்.
எது குறைவாக இரைகிறதோ எடுத்துக்கொள், பாதி விலை."

ஹெட்போனை மாட்டினேன்.
சிவப்பு. குமிழை முழுக்கத் திருகினேன்.
இடது பக்கம், பனி பெய்து முடித்த தெரு.
கருப்பு. அதே தெரு,
கடைசி முனையில் யாரோ நடக்கிற அளவு.
மூன்றாவதில் அவரும் இல்லை.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
டிக்கெட் இல்லாதவர் பரிசோதகரைப் பார்ப்பதுபோல.
"கேட்கிறதா? கெட்டில் கொதிக்கும் முன்னால் வருமே, அது.
மி-க்கும் ஃபா-வுக்கும் நடுவில்."

நான் உடனே சொல்லியிருக்கலாம்.
டீ கேட்டேன்.
டீ குடித்தேன்.
எந்த டிரைவர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்,
பதில் எனக்குத் தேவைப்படவில்லை.
பிறகு, ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள் என்றேன்,
வலது இடத்துக்கு, இடது வலத்துக்கு.
மாட்டினார்.
"இன்னும் இடதில்தான்" என்றார்.
கேபிளைப் பிடுங்குங்கள் என்றேன்.

பிடுங்கினார்.
வெறும் கேபிளின் முனையைப் பிடித்தபடி,
ஹெட்போனைக் கழற்றாமல்,
நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.
கீழே ஒரு டிராம் வளைவில் திரும்பிக் கீச்சிட்டது.
அவர் தலை திரும்பவில்லை.

"அந்த எலெக்ட்ரீஷியன்" என்றார் கடைசியில்,
"சரியாகத்தான் எழுதியிருக்கிறான்."

இதன்பின் நடந்த பேரம் தலைகீழானது.
நல்ல பொருளுக்குப் பாதி விலை நியாயமில்லை என்று நான்,
சொன்ன சொல் மாறமாட்டேன் என்று அவர்.
மேசைமேல் பணத்தை நான் தள்ள, அவர் தள்ள,
ஒரு நோட்டு டீயில் விழுந்தது.
சிவப்பை எடுத்துக்கொண்டேன்.
கருப்பைப் பற்றி அவர் பேசவில்லை.
பெட்டியில் இருந்ததை மூடிக்கொண்டிருந்தார்,
மணிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு.
வாசலில் நிறுத்தி அந்தச் சுரத்தை
மெல்ல முனகிக் காட்டினார்.
"மறந்துவிடாதே" என்றார். எதற்கென்று தெரியவில்லை.

இரவு சிவப்பைச் செருகினேன். கொசு இல்லை.
ஆறு மில்லி நொடி.
உதட்டைத் தளர்த்தி
மி-க்கும் ஃபா-வுக்கும் நடுவில் ஒரு சுரம் பிடித்தேன்,
மூச்சு தீரும்வரை.
திரையில் அது ஒரு தடித்த கோடு.
அழித்துவிட்டு வேறு ஊதலாம் என்றுதான் இருந்தேன்.

கார் இன்னும் கோடை டயரில் நிற்கிறது.
நேற்று அவரிடமிருந்து செய்தி:
காது டாக்டருக்கு மார்ச்சில்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
தாமதம் நான்கு மாதம் என்று எழுதி,
கீழே ஒரு கேள்வி:
கார்டு எப்படி இருக்கிறது?